பச்சை விளக்கும் மரையும்: மின்சார நட் ரன்னரோடு நாலு வருடம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில், வாகன இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் பட்டறை ஒன்றில் லைன் பராமரிப்பு என் வேலை. ஓசூரில் ஏழு வருடம், காற்றழுத்தத்தில் போல்ட் முறுக்கும் ஏர் கன்னோடு பழகிவிட்டு இங்கே வந்தவன். 2021 கடைசியில் எங்கள் லைனுக்கு இரண்டு மின்சார நட் ரன்னர், அதாவது போல்ட், நட் முறுக்கும் கருவி, வாங்கினார்கள். ஒன்று கேபிளும், அதை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியும் உள்ளது. கருவியின் தலைப்பக்கத்திலேயே டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, அளக்கும் சென்சார் இருக்கிறது. இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. அதில் சென்சார் கிடையாது. மோட்டார் இழுக்கும் கரன்ட்டை வைத்து டார்க்கைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டையும் தினமும் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

போல்ட்டை நாம் முறுக்குவது டார்க்குக்காக இல்லை, தகடுகளை இறுக்கிப் பிடிக்கும் அந்தப் பிடிப்புக்காக. கொடுக்கிற டார்க்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகவே போய்விடும். இன்னொரு நாற்பது சதவீதம் மரையில், அதாவது திருகுப் புரியில், போகும். மிஞ்சுகிற பத்து சதவீதம்தான் பிடிப்பு. எண்ணெய் பட்ட போல்ட்டும் காய்ந்த போல்ட்டும் திரையில் ஒரே எண்ணைக் காட்டும், உள்ளே பிடிப்பு வேறு வேறாக இருக்கும். ஏர் கன் காலத்தில் எனக்கு இது ஏட்டில் படித்த விஷயம். கண்ணால் பார்த்தது இங்கே வந்துதான்.

எங்களிடம் முக்கியமான இணைப்பு, சீட் பெல்ட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் நங்கூர போல்ட். 7/16 அங்குலம், நுண்மரை. சட்டத்தில் வெல்டிங் செய்த நட்டில் போய் உட்காரும். எங்கள் வரைபடத்தில் இதற்கு டார்க் 42 நியூட்டன் மீட்டர். விட்டுப்போனால் ஓர் உயிர் போகக்கூடிய இடம் என்பதால் டார்க்கோடு கோணத்தையும் அளக்கிற கருவியைத்தான் இதற்கு வைத்திருக்கிறோம். டார்க் 10-ஐத் தாண்டியதும் கோணத்தை எண்ண ஆரம்பிக்கும். 42-க்குப் போவதற்குள் 20 டிகிரிக்குக் குறையாமலும் 55-க்கு மேல் போகாமலும் திரும்பியிருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் பச்சை, ஒன்று தப்பினாலும் சிவப்பு.

2023 ஆகஸ்டில் ஒரு வாரம் சிவப்பாக எரிந்து தள்ளியது. டார்க் 13, 14-லேயே கருவி நின்றுவிடும்; கோணம் எல்லையைத் தாண்டியது என்று திரையில் வரும். ஆபரேட்டர்கள் கருவியைக் குறை சொன்னார்கள். ஷிஃப்ட் பொறுப்பாளர் கோண எல்லையை 55-லிருந்து 300 ஆக்கிவிடு, உற்பத்தி நிற்கிறது என்றார். மெனுவைத் திறந்து கடவுச்சொல்லைக்கூடப் போட்டுவிட்டேன்.

அப்போது பக்கத்தில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் நின்றிருந்தார். இங்கே பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. புது போல்ட் ஒன்றை எடுத்து நட்டில் வைத்து விரலால் திருகினார். நல்ல நட்டாக இருந்தால் விரலாலேயே ஏழெட்டு சுற்று உள்ளே போகும். இது ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. திருப்பிக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். மரைப் பள்ளத்திலிருந்து கறுப்புப் பெயின்ட் சிறு சிறு செதில்களாக உதிர்ந்தது, மிளகுத்தூள் மாதிரி. "தம்பி, மெஷின் இல்ல. மரை" என்றார்.

அவர் வீட்டில் தமிழ் பேச்சு நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. அவருடைய அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். அப்பா வாயிலிருந்து வந்த மரை மாதிரி சில சொற்கள் மட்டும் மகனிடம் தங்கியிருக்கின்றன. அன்று அதைக் கேட்டபோது எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். பெயின்ட் அடைத்த மரையில் போல்ட் இறங்குவதற்கே 12 நியூட்டன் மீட்டர் போல தேவைப்பட்டது. தலை தகட்டைத் தொடும் முன்பே டார்க் 10-ஐத் தாண்டிவிட்டதால் கருவி அங்கேயே கோணத்தை எண்ண ஆரம்பித்து, எல்லை தாண்டி, நின்றது. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நான் எல்லையை 300 ஆக்கியிருந்தால் அத்தனையும் பச்சையாக எரிந்திருக்கும். 42-ல் 12 மரையோடு மல்லுக்கட்டவே செலவாகி, பிடிப்பு கால் பங்குக்கு மேல் குறைந்த சட்டங்கள் வெளியே போயிருக்கும்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. சிவப்பு வந்ததும் சிலர் டிரிகரை மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார்கள். அப்படி அழுத்த அழுத்தத் தலை தகட்டுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். எண்ணிக்கை புதிதாகத் தொடங்குவதால் கோணம் எல்லைக்குள் விழுந்து பச்சை எரிந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பச்சை வந்தால் போதும் என்றுதான் நாம் பழக்கியிருக்கிறோம். இப்போது ஒரு தடவை சிவப்பு வந்தால் கருவி பூட்டிக்கொள்ளும். ரிவர்ஸ் போட்டு போல்ட்டைக் கழற்றினால்தான் மறுபடி முன்னோக்கிச் சுற்றும். இந்த வசதி வாங்கிய நாளிலிருந்தே மெனுவில் இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் நாங்கள்தான் அதைப் போடாமல் விட்டிருந்தோம். பெயின்ட் பிரிவில் நட்டுகளுக்கு ரப்பர் அடைப்பான் வைக்க ஆரம்பித்த பிறகு சிவப்பு அபூர்வமாகிவிட்டது.

கோணத்தின் கீழ் எல்லையும் முக்கியம். இங்கே லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 23-ல் ஒரு சட்டத்தின் பாதியிலேயே மின்சாரம் போகும். ஜெனரேட்டர் எடுக்கும் வரைக்கும் கன்ட்ரோலர் அணைந்திருக்கும், எத்தனை போல்ட் முடிந்தது என்ற கணக்கும் போய்விடும். மின்சாரம் வந்ததும் ஆபரேட்டர் சட்டத்தின் நாலு போல்ட்டையும் மறுபடி முறுக்குவார். ஏற்கனவே இறுகிய போல்ட்டில் கருவியை வைத்தால் சட்டென்று 42 வந்து நிற்கும். டார்க்கை மட்டும் பார்த்தால் அருமையான போல்ட். கோணத்தைப் பார்த்தால் 3 டிகிரி. 20-க்குக் கீழே என்றதும் சிவப்பு. அப்புறம் கன்ட்ரோலருக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ் வைத்தோம், அந்தத் தொல்லை போயிற்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது கன்ட்ரோலர் தப்பியதும் நெஞ்சு உயரத்தில் மாட்டியிருந்ததால்தான். தரையில் வைக்காதீர்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் இணைப்பு கெட்டியானது; தலை உட்கார்ந்த பிறகு கொஞ்சம் திரும்பினாலே டார்க் ஏறிவிடும். ஆரம்பத்தில் முழு வேகத்திலேயே முடித்தோம். மோட்டார் நின்றாலும் சுற்றும் பாகங்களின் வேகம் உடனே அடங்காது, 46, 47 என்று தாண்டிப் போகும். இப்போது வேகமாக இறக்கி, 15 நியூட்டன் மீட்டர் வந்ததும் மெதுவாக்கி முடிக்கிறோம். ஒரு போல்ட்டுக்கு அரை நொடிகூட அதிகம் ஆகவில்லை. மணிக்கட்டில் விழும் உதையும் குறைந்தது. ஆனாலும் இந்த அளவு டார்க்குக்கு, உதையைத் தாங்கிக்கொள்ளும் ரியாக்‌ஷன் ஆர்ம் இல்லாமல் நாள் முழுக்க ஒருவரை நிறுத்தக்கூடாது என்பது என் எண்ணம்.

பேட்டரி கருவி கைக்கு நல்ல சுகம், கேபிள் இடறாது, மின்சாரம் போனாலும் ஓடும். ஆனால் அதன் எண்ணை நான் நம்புவதில்லை. கரன்ட்டுக்கும் டார்க்குக்கும் நடுவே மோட்டார் சூடு, கியர் தேய்மானம், கிரீஸ் எல்லாம் இருக்கின்றன. டார்க்கை நேரடியாக அளக்கும் தனி டிரான்ஸ்டூசரை சாக்கெட்டுக்கு முன்னால் மாட்டி மாதம் ஒருமுறை ஒப்பிட்டு வந்தேன். முதல் ஆறு மாதம் திரையும் டிரான்ஸ்டூசரும் ஒத்துப்போயின. ஒரு வருடம் தாண்டியதும் திரை 20 காட்டும்போது உண்மையில் 18 போலத்தான் வந்தது. கியர் மாற்றியதும் சரியானது. இடையில் கருவி ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. அதை பிளாஸ்டிக் மூடிகள் போடும் இடத்துக்கு மாற்றிவிட்டேன், அங்கே அது அருமையான கருவி.

கேபிள் கருவியில் குறை இல்லாமல் இல்லை. பதினாலாவது மாதம் கைப்பிடிக்கு அருகில் கேபிள் உள்ளுக்குள் அறுந்தது. புதியது வர ஐந்து வாரம் ஆனது, விற்றவர்கள் ஒரு மாற்றுக் கருவிகூடத் தரவில்லை. ஒரு கேபிளைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். டார்க் ஏறும் வளைகோட்டைச் சேமிக்கத் தனி உரிமக் கட்டணம் கேட்டார்கள். எரிச்சலாக இருந்தது, ஆனால் கட்டினோம். பெயின்ட் விவகாரத்தில் தலை தொடும் முன்பே கோடு 12-ல் தட்டையாக ஓடியதைக் காட்டித்தான் பெயின்ட் பிரிவை ஒப்புக்கொள்ள வைத்தேன்.

தணிக்கைக்கு வருகிறவர்கள், வைத்த டார்க் வந்ததும் சத்தமிடும் கிளிக் ரென்ச்சை 42-ல் வைத்து, "கிளிக்" கேட்டதும் டிக் போடுகிறார்கள். அதில் தெரிவது போல்ட் 42-க்குக் கீழே நகரவில்லை என்பது மட்டும்தான். பெயின்ட் சிக்கிய போல்ட்டும் அதே "கிளிக்" தரும். நாங்கள் முள் உள்ள ரென்ச்சால் மெதுவாக இறுக்கி, போல்ட் அசையத் தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்கிறோம்.

புதிதாக வாங்குகிறவர்கள் டெமோவில் விற்பவர் கொண்டுவரும் பளபள போல்ட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் லைனிலேயே கெட்ட நட் நாலைந்து பொறுக்கி வைத்து, அதில் முறுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடைத்தது ஒன்று, கோணலாக மரை ஏறியது ஒன்று, ஏற்கனவே இறுகியது ஒன்று. அந்த ஆகஸ்ட் வாரத்து நட்டுகளில் ஆறு என் மேஜை இழுப்பறையில் இன்னும் இருக்கின்றன. அடுத்த மாதம் மூன்றாவது கருவிக்கு டெமோ வைத்திருக்கிறோம், அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.