மரியாளா, சிலுவையா, கிறிஸ்துவா: பைசாந்திய அரச முத்திரையில் எது தேறும்?

கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசுதான் பைசாந்தியம். அதன் பேரரசர்கள் ஆவணங்களில் தொங்கவிட்ட ஈய முத்திரைகளில் மூன்று உருவ வகைகள் மாறி மாறி வருகின்றன. ஏழாம் நூற்றாண்டில் குழந்தை இயேசுவை ஏந்திய மரியாள். எட்டாம் நூற்றாண்டில், திருவுருவங்களை ஒழித்த காலத்தில், படிகளின் மேல் நிற்கும் சிலுவை. 843-இல் உருவங்கள் மீண்ட பிறகு கிறிஸ்து. அழகில் மரியாளுக்குத்தான் முதலிடம். ஆனால் முத்திரையின் வேலை, ஆவணம் யாருடையது என்று சொல்வது. அதில் சிலுவை மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

காரணம் செய்முறையில் இருக்கிறது. நடுவே நூல் துளையோடு வார்த்த ஈய வில்லையில் ஆவணத்தின் கயிற்றைக் கோத்து, குறடு போன்ற இரும்புக் கருவியின் வாய்க்குள் வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். இரு அச்சுகளும் குறட்டின் வாயிலேயே செதுக்கப்பட்டிருக்கும். வில்லை சற்று விலகினாலோ அச்சைவிடச் சிறிதாக இருந்தாலோ ஓர எழுத்து பதியாது. மரியாள் வகையில் அரசர் பெயர் ஓரத்தில் வட்டமாக ஓடுவதால் முதலில் போவது பெயர்தான். துளை பெரும்பாலும் மேலிருந்து கீழாகச் செல்வதால், அடி விழும்போது நடுவிலுள்ள முகத்தின் குறுக்கே பள்ளம் விழும். பின்னாளில் முத்திரை பிளப்பதும் அந்தக் கோட்டில்தான்.

மூன்றாம் லியோவும் மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைனும் சேர்ந்து ஆண்ட காலத்து (720–741) முத்திரையைப் பாருங்கள். ஒருபுறம் சிலுவை, அதைச் சுற்றி 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்' என்ற கிரேக்க வாசகம். மறுபுறம் முழுக்க அரசர்களின் பெயர், வரிவரியாக. ஓரம் போனாலும் நடுவில் நான்கைந்து எழுத்து மிஞ்சும், அது போதும். இத்தனைக்கும் ஆட்சியின் தொடக்கத்தில் இதே லியோ மரியாளைத்தான் பொறித்தார்.

நாணயத்தை வைத்து மரியாள் முத்திரையின் காலத்தைக் கணிக்கப் போனால் ஏமாறுவீர்கள். பொற்காசில் அவர் முதன்முதலாக வருவது ஆறாம் லியோ (886–912) காலத்தில்தான். முத்திரையிலோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறார்.

கிறிஸ்து வகையில் சிக்கல் வேறு. தலைக்குப் பின்னால் சிலுவை, கையில் நற்செய்தி நூல் என்று அவரைச் சட்டென அடையாளம் காணலாம். அரசரைத்தான் முடியாது. 'கான்ஸ்டன்டைன்' என்று மட்டும் இருந்தால் ஏழாமவரா, எட்டாமவரா, ஒன்பதாமவரா? இங்கே மட்டும் நாணயம் கைகொடுக்கும்: மறுபுறத்து அரசர் உருவத்தின் தாடி, அவர் உடல்மேல் சுற்றியிருக்கும் மணி பதித்த லோரோஸ் என்ற பட்டையின் மடிப்பு, கையில் சிலுவை பொருத்திய உருண்டையா கொடியா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில், மிகத் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். தேய்த்துத் துலக்கினால் மிச்ச எழுத்தும் போய்விடும். ஓக் மரப் பெட்டியில் வைக்காதீர்கள். அதன் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகிவிடும்.