ஆகஸ்ட் வைஃபை ஸ்மார்ட் லாக்: பழைய சாவியும் புதிய மோட்டாரும்

அமெரிக்க வாடகை வீடுகளில் வாசற்கதவின் பூட்டையே மாற்ற உரிமையாளர்கள் எளிதில் இசைவதில்லை என்பதால், கதவின் உட்புறக் குமிழை மட்டும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தப்படும், கைப்பேசி வழியாக மோட்டாரால் தாழைத் திருப்பும் ஆகஸ்ட் நிறுவனத்தின் வைஃபை ஸ்மார்ட் லாக் நல்ல தேர்வு என்றே எனக்குப் படுகிறது. வெளிப்புறமும் பழைய சாவியும் அப்படியே இருக்கும்.

வெளியே சாவித்துளையின் மீது டேப்பை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே உள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெளிப்பாகம் கழன்று விழும். அதற்கும் முன்பாக, கதவை இழுத்துப் பிடிக்காமலே தாழ் நிலைச்சட்டத்தின் துளைக்குள் வழுக்கிச் செல்கிறதா என்று கையால் திருகிப் பார்த்துக்கொள்வது அவசியம். தாழ் அந்தத் துளையைச் சுற்றியுள்ள தகட்டில் உரசினால் மோட்டார் திணறும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். உரசலைச் சரிசெய்வது தச்சரின் வேலை; அதை எந்த நிறுவனத்தின் மோட்டாரும் செய்துவிடாது.

2020இல் வந்த இந்த மாடல் இரண்டு சிஆர்123 பேட்டரிகளில் இயங்குகிறது. ஒரு ஜோடியைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்றாலும், முந்தைய மாடல்களுக்குத் தேவைப்பட்ட தனி இணைப்புக் கருவி இதற்கு வேண்டியதில்லை. எண்களை அழுத்திக் கதவைத் திறக்க உதவும் எண்பலகையைத் தனியாக வாங்க வேண்டும். கைப்பேசியோடு மல்லுக்கட்ட விரும்பாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.