இலவச ஹெல்மெட்டுக்கு என் மதிப்பெண்: ஐந்துக்கு அரை

நாமக்கல்லிலிருந்து புதுச்சத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய் வரும் டீச்சர் நான். லாரியும் முட்டை வண்டியும் ஓயாத சேலம் நெடுஞ்சாலை. ஹெல்மெட்டைப் பற்றிப் பேச இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். முன்பு வாரமாக இருந்ததை 2021-இல் மாதமாக நீட்டினார்கள். எங்கள் ஊரிலும் பேரணி, உறுதிமொழி, ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ பதாகை எல்லாம் உண்டு. எமதர்மன் வேஷம் கட்டியவர் பாசக்கயிறோடு வண்டிகளை மறித்தார். ஹெல்மெட் போட்டு வந்தவர்களுக்குச் சாக்லேட். அவர் நடிப்புக்கு முழு மதிப்பெண். மாணவர்களை அழைத்துப்போன ஆசிரியர்களுக்கு, ஒரு நிறுவனத்தின் உபயமாக, ஆளுக்கொரு ஹெல்மெட் கிடைத்தது. விமர்சனம் அதற்குத்தான்.

வீட்டுத் தராசில் வைத்தேன். அரைக் கிலோகூட இல்லை. காது வெளியே, பிடரி வெளியே. உச்சந்தலைக்கு மட்டும் தொப்பி. இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் பிளாஸ்டிக் வளைகிறது. உள்ளே ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைப் பிரித்தால் அடுத்து வெறும் ஓடு. தெர்மாகோலே இல்லை! ஹெல்மெட்டில் வேலை செய்வதே அந்தத் தெர்மாகோல்தான். வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும். தெர்மாகோல் நசுங்கி, அடியின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது என்கிறார்கள். ஸ்பாஞ்ச் சொகுசுக்கு மட்டும்.

பின்னால் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் இருந்தது. அசல் முத்திரையில் மேலே ஹெல்மெட்டுக்கான தர எண்ணான ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் தயாரித்தவர் பெயர் வரும். இதில் மூன்று எழுத்து மட்டும். போட்டுப் பார்க்க எண்ணே இல்லை. ஐஎஸ்ஐ இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்று 2021 ஜூன் 1 முதல் விதி இருக்கிறது. உபயதாரர் பெயர் மட்டும் நெற்றியிலும் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில்.

வாரைப் பூட்டிவிட்டு, பிடரிப் பக்கம் பிடித்து முன்னால் தள்ளினேன். கழன்று மூக்குக்கு வந்துவிட்டது. விழுகிற நேரத்தில் நமக்கு முன்னால் இது ரோட்டுக்குப் போய்விடும்.

நல்லது ஒன்று சொல்ல வேண்டுமென்றால், கொண்டை நசுங்கவில்லை, ஜிமிக்கி இடிக்கவில்லை. காதையே மூடாததில் ஜிமிக்கி எப்படி இடிக்கும்?

இதையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது எங்கள் ஹெச்.எம். சார் சிரித்துக்கொண்டே, “தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா டீச்சர்?” என்றார். “மாட்டைத் தலையில கவுத்துக்கிட்டு நான் லாரிக்கு நடுவுல போகலையே சார்” என்றேன்.

நான் போடுவது திருச்சி சாலைக் கடையில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய முழு முக ஹெல்மெட். கடைக்கார அண்ணன் முதலில் டேப்பால் தலையை அளந்தார். அப்புறம் மூன்று அளவு எடுத்துக் கொடுத்து, போட்டுத் தலையை ஆட்டச் சொன்னார். கன்னத்துச் சதையும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டுமாம். முதலில் கன்னத்தை அழுத்தியது, போகப் போகப் பழகிவிட்டது. கனம் 1.2 கிலோவுக்குள்தான். குறை இல்லாமல் இல்லை: தை மாதப் பனியில் கண்ணாடி மூடினால் ஆவி படிகிறது, கொண்டை போட முடியாது, தாழப் பின்னிய ஜடைதான். ஆனாலும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கும் என்பது ஆய்வுகளின் கணக்கு. 2022-இல் நாட்டில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர் என்கிறது சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. தொப்பியை ஹெல்மெட் என்று கொடுத்தால், வாங்கியவர் தன்னிடம் ஹெல்மெட் இருப்பதாக நம்பிவிடுவார். அதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்று. பேரணியில் பதாகை பிடித்து நடந்தது குழந்தைகள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. ஆனால் மறுநாள் காலையில் அதே பிள்ளைகள் அப்பாவின் பைக்கில் வெறுந்தலையோடு வந்து இறங்கினார்கள். அன்று மேடையில் கொடுத்ததில் ஒன்றுகூடக் குழந்தைகள் அளவில் இல்லை. அடுத்த ஜனவரிக்கு உபயம் தர நினைப்பவர்கள், அசல் முத்திரையோடு சின்ன அளவில் பத்து வாங்கித் தந்தால் போதும். பேரணிக்கு நானே வகுப்போடு வருகிறேன்.