மதுரை வெயிலில் டார்க்ரூம்: 14 வருடம் கழித்து

போன வாரம் என் போட்டோ பிரிண்டரைச் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தேன். ஹெட் அடைத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லி, புதுப் பிரிண்டர் விலையில் முக்கால்வாசி கேட்டார்கள். அன்று சாயங்காலமே ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, மூடின ஸ்டுடியோ ஒண்ணுல என்லார்ஜர் சல்லிசா வருது. வாங்கட்டுமா, இல்ல ஸ்கேனரே போதுமா?" என்லார்ஜர் என்றால் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் பேப்பரில் விழவைக்கும் கருவி. ஸ்கேனர் அதே நெகட்டிவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும். அப்போது இருந்த எரிச்சலில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்காகத்தான் இது.

14 வருடமாக எங்கள் வீட்டுக் குளியலறைதான் என் டார்க்ரூம். 2018-இல் ஸ்கேனரும் இங்க்ஜெட் பிரிண்டரும் வந்தன. இரண்டு பக்கமும் வேலை செய்கிறேன், கறுப்பு வெள்ளை மட்டும். கலர் என்றால் யோசிக்கவே வேண்டாம், டிஜிட்டல்தான்.

டார்க்ரூமில் என்னைப் படுத்தியது இருட்டும் இல்லை, ஹைப்போ மருந்தின் வாடையும் இல்லை. தண்ணீர்! ஹெச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமை டி-76 என்ற டெவலப்பரில் (படத்தைத் தெரியவைக்கும் மருந்து) கழுவ 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சித்திரை மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. சூட்டுக்கு ஏற்ப நேரத்தைக் குறைக்கலாம்தான். ஆனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சீராகப் பிடிக்காது, வானமெல்லாம் திட்டுத் திட்டாக வரும். அதனால் பக்கெட்டில் ஐஸ் போட்டு, பாட்டில்களை நிறுத்தி, தெர்மாமீட்டரோடு உட்கார வேண்டும். டெவலப்பரை மட்டும் குளிர வைத்தால் போதும் என்று நினைத்து, ஒருமுறை குழாய்த் தண்ணீரிலேயே அலசிவிட்டேன். சூட்டில் மருந்துப் பூச்சு இளகியிருந்தது. தண்ணீரை வழித்துவிட்டபோது விரல் போன இடமெல்லாம் கோடு. தங்கையின் வளைகாப்பு ரோல் அது. 12 படம் போச்சு. இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது அலசும் தண்ணீரையும் குளிர வைத்துக்கொள்கிறேன். பிலிம் கம்பெனி இல்ஃபோர்டு சொல்லும் முறைதான்: பிலிம் இருக்கும் சின்ன டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்து எடுத்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10, அப்புறம் 20. மூன்று டேங்க் தண்ணீரில் முடிந்துவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்.

சரி, ஸ்கேனர் வாங்கினால் இந்தப் பாடு தீருமா? தீராது. ஸ்கேன் செய்வதற்கும் பிலிமைக் கழுவித்தானே ஆக வேண்டும்! மாறுவது பிரிண்ட் மட்டும்தான். பிரிண்ட் போடும்போது வெயில் அவ்வளவு தொந்தரவு செய்யாது. பேப்பர் கொஞ்சம் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் பூசின ஆர்சி பேப்பரை ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் அலசினால் போதும்.

ஸ்கேனரையும் குறை சொல்ல மாட்டேன். தூசியை மவுஸாலேயே எடுத்துவிடலாம். தங்கைக்கு அன்றைக்கே படம் அனுப்பலாம். பிரிண்டர்தான் வம்பு. மூன்று வாரம் சும்மா விட்டால் இங்க் காய்ந்துவிடும், அதைச் சுத்தம் செய்யவே பாதி இங்க் போய்விடும்.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் படம் ஒன்று வைத்திருக்கிறேன். மடியில் வெயில் விழுந்து வேட்டி வெளுத்துப்போன படம். நெகட்டிவில் அந்த இடம் அட்டக்கரியாக இருக்கும். என் பிளாட்பெட் ஸ்கேனரால் அவ்வளவு அடர்த்திக்குள் பார்க்க முடியவில்லை. வேட்டியை எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் பூசின மாதிரி, பொரிப்பொரியாகத்தான் வந்தது. என்லார்ஜரில் மொத்தப் படத்துக்கும் 11 விநாடி வெளிச்சம் கொடுத்தேன். அப்புறம் நடுவில் ஓட்டை போட்ட அட்டையை மெல்ல ஆட்டிக்கொண்டே வேட்டிக்கு மட்டும் இன்னொரு 14 விநாடி. நாலாவது பேப்பரில் மடிப்பு தெரிந்தது, கரைப் பக்கத்து நெசவு தெரிந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி, வேட்டி மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் உனக்கு ஸ்கேனர்தான் சரி. வேலைக்குப் போகிறவன், வாடகை வீடு, குளியலறையும் ஒன்றே ஒன்று. ஆனாலும் என்லார்ஜரை வாங்கிப் போடு தம்பி. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, பூஞ்சை இருக்கிறதா என்று பார். நெகட்டிவைப் பிடித்து வைக்கும் சட்டம், நெகட்டிவ் கேரியர், இருக்கிறதா என்று கேள், அது தனியாகக் கிடைப்பது கஷ்டம். முதல் ரோலை மார்கழியில் கழுவு. ஐஸ் அவ்வளவாகத் தேவைப்படாது.