வீட்டு பைபர் இணைப்பு: யாழ்ப்பாணத்தில் எடுக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் இப்போது கிடைக்கும் வீட்டு பைபர் இணைப்புக்கு, அதாவது கண்ணாடி இழைக்குள் ஒளியாக வரும் இன்டர்நெற்றுக்கு, ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அரைப் புள்ளியைத் தின்றது அணில். மற்ற ஒன்றை வெட்டியது பொருத்த வருகிறவர்களின் அவசரம்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மெல்லிய கறுப்பு வயரில்தான் பாதிச் சிக்கல். பனங்காணிக்கு மேலால் இழுத்தால் காவோலை விழுந்து அறுக்கும். மதிலில் படரவிட்டால் அணில் கடிக்கும். பிவிசி குழாய்க்குள் விடச் சொல்லுங்கள், செலவு சொற்பம். சுவர் மூலையில் வயரை இறுக்கி மடித்து ஆணி அடித்தால், உள்ளே இழை உடையாவிட்டாலும் ஒளி கசியும். கையெழுத்துப் போட முதல், வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் அளவை பவர் மீற்றரில் காட்டச் சொல்லுங்கள். 1490 நானோமீற்றர் அலைநீளத்தில் -15 முதல் -25 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) வரை நல்லது; -25ஐத் தாண்டிக் கீழே போகப் போக ஒளி மங்கல். -27ஐ ஒட்டி நின்றால், கம்பத்துப் பெட்டிக்குள் ஈரம் புகுந்த அன்றே வீட்டுப் பெட்டியில் சிவப்பு லைற் எரியும். பச்சைத் தலை கனெக்ரரின் முனை 8 பாகை சரிவாகச் சீவப்பட்டது. அதற்கு இந்தச் சரிவில்லாத நீலத் தலையைச் செருகினால் இரண்டு முனையும் ஒட்டாது; இணைப்பு வந்தாலும் அளவு விழும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் லண்டன் வீடியோ அழைப்பு விக்கினால் வயரைத் திட்டிப் பயனில்லை. முதலில் கொழும்பில் உள்ள ஒரு சேவருக்கு பிங் (தரவு போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) பாருங்கள், பிறகு லண்டனுக்கு. முதலாவது வழமைபோல் நிற்க, இரண்டாவது மட்டும் எகிறினால் கோளாறு பெரும்பாலும் நாடுகளை இணைக்கும் கடலடிக் கேபிளில். இழைக்குள் ஒளி 1000 கிலோமீற்றர் போய்வர 10 மில்லிசெக்கன் எடுக்கும். கேபிள் அறுந்து வேறு சுற்றுவழியால் திருப்பினால் அந்தக் கணக்கு ஏறத்தான் செய்யும். 2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜெத்தாவுக்கு அருகே சீ-மீ-வீ 4 என்ற கடலடிக் கேபிள் அறுந்தபோது நடந்ததும் இதுதான்.

காங்கேசன்துறைக்கு எதிரே தமிழ்நாடு கிடக்க, எங்கள் தரவு முதலில் தெற்கே ஓடுகிறது. கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். கேபிள் வியாபாரம் என்னவோ கொழுத்துக்கொண்டுதான் போகிறது: சீ-மீ-வீ 5இல் 3 சோடி இழை, 6இல் 10 சோடி. பக்கேஜ் பெருக்க இது உதவும். ஆனால் இரண்டும் ஐரோப்பாவுக்குப் போவது அதே செங்கடலால், ஆகவே ஒரு நங்கூரம் இழுபட்டால் சோடிக் கணக்கு உதவாது. சேவை தருபவரிடம் "எத்தனை எம்பிபிஎஸ் வேகம்?" என்று கேட்பதோடு, "செங்கடல் அறுந்தால் சிங்கப்பூர்ப் பக்கம் திருப்ப இடம் வாங்கி வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். பதில் தடுமாறினால் நீண்ட ஒப்பந்தத்தில் மாட்டாதீர்கள்.

இன்னொன்று: ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும், கம்பத்தில் உள்ள பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. கறன்ற் போனாலும், வீட்டுப் பெட்டிக்கு ஒரு 12 வோல்ற் மினி யூபிஎஸ் (சின்ன பற்றரிப் பெட்டி) இருந்தால் பெரும்பாலும் இணைப்பு நிற்காது. வாங்க முதல் பெட்டியின் அடப்ரரில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதற்குக் குறைந்ததை வாங்கினால் பெட்டி அணைந்து அணைந்து எரியும்.