சீமோர் டங்கன் ஜேபி பிக்கப், என் பழைய கிடார்ல போட்டு பார்த்தது

பாண்டி முத்தியால்பேட்டைல எங்க வீட்டுக்கு உப்புக்காத்து நேரா வரும், ஸ்ட்ரிங் சீக்கிரமே துரு பிடிச்சிடும், வால்யூம் பாட் (சத்தத்த கூட்டி குறைக்கிற திருகு) வேற திருகுனாலே கரகரன்னு சத்தம். எப்படியும் பிரிக்கப்போறோமேன்னு பிரிட்ஜ்ல, அதாவது ஸ்ட்ரிங் வந்து முடியற பக்கத்துல, இந்த ஜேபி ஹம்பக்கரையும் (ஸ்ட்ரிங் அதிர்வ மின்சிக்னலா மாத்துற, ரெண்டு காயில் வெச்ச பிக்கப்) சேத்து போட்டேன். அல்னிகோ 5 காந்தம், ரெசிஸ்டன்ஸ் 16 கிலோ ஓமுக்கு மேல, அதனால சிக்னல் பலமா வருது, ஓவர்டிரைவ் (சத்தத்த வேணும்னே கொஞ்சம் உடைச்சு விடுற எஃபெக்ட்) போட்டா ஒவ்வொரு நோட்டும் அப்படியே பாடுதுங்க, மிட்ஸ் (நடு அலைவரிசை சத்தம்) முன்னாடி வந்து நிக்குது, அவ்ளோ சந்தோஷம் எனக்கு. ஆனா பழைய சிங்கிள் காயில் (ஒரே காயில் உள்ள) பிக்கப்புக்கு இருந்த 250கே (250 கிலோ ஓம்) பாட்டையே முதல்ல விட்டுட்டேன், டோன் மந்தமாவே இருந்துச்சு, 500கே மாத்துனதுக்கு அப்புறம்தான் ட்ரெபிள் தெறந்துச்சு. க்ளீன் டோன் மட்டும் எனக்கு கொஞ்சம் முரடா படுது. நாலு வயர் தனித்தனியா வர்றதால புஷ்-புல் பாட் (இழுத்தா ஸ்விட்ச் மாதிரி மாறுற திருகு) வெச்சா ஒரு காயில மட்டும் ஓட விடலாம், அடுத்த ஞாயித்துக்கிழம சால்டரிங் அயர்ன எடுத்து அதையும் பண்ணிடுவேன்.