மஞ்சளா, கருநீலமா? 1808 ஸ்பானியக் குதிரைவீரருக்கு எந்தச் சீருடை

28 மி.மீ. அளவில் பன்னிரண்டு குதிரைவீரர் பொம்மைகள், பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சு) அடித்துக் காயவைத்தாயிற்று. நெப்போலியன் காலத்து ஸ்பெயின் என்பதும் முடிவாகிவிட்டது. இனி எந்த ரெஜிமென்ட் என்பதுதான் கேள்வி. அடுத்த இரண்டு வாரம் நம் பிரஷ் எந்த நிறத்தில் தோயப் போகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

1808இல் ஸ்பெயினிடம் 24 குதிரைப்படை ரெஜிமென்ட்கள் இருந்தன. கனரகக் குதிரைப்படை 12, டிராகூன் (தேவைப்பட்டால் இறங்கியும் போரிடும் குதிரைப்படை) 8, இலகு குதிரைப்படைகளான கசடோர் 2, ஹுஸார் 2. 1805ஆம் ஆண்டுச் சீருடை விதிப்படி கனரகப் படைக்குக் கருநீலக் கோட்டு, டிராகூன்களுக்கு மஞ்சள் கோட்டு. இரண்டு பேர் தலையிலும் கறுப்பு இருமுனைத் தொப்பி, அதில் ஸ்பெயினின் சிவப்பு ரிப்பன் பூ. உருவ அமைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் ஒரே உருவத்தை இப்படியும் தீட்டலாம், அப்படியும் தீட்டலாம் என்ற நிலை அடிக்கடி வரும். அந்த இடத்தில்தான் பலர் கருநீலத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. என் தேர்வு அல்மான்ஸா என்ற டிராகூன் ரெஜிமென்டின் மஞ்சள். ஏன் என்பதைக் கருநீலத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே சொல்கிறேன்.

கருநீலத்துக்கு ஃபர்னேசியோ என்ற கனரக ரெஜிமென்டை எடுத்துக்கொள்வோம். 1808 ஜூலை 19 அன்று தென் ஸ்பெயினின் பைலேன் போர்க்களத்தில் நின்ற படை. திறந்த வெளியில் ஒரு பிரெஞ்சுப் படை முழுதாகச் சரணடைந்த போர் அது. இவர்களை வைத்தால் போர் விளையாட்டு மேசைமேல் ஒரு வெற்றிக் கதை கிடைக்கும். தீட்டுவதும் சுலபம். கறுப்பு பிரைமர், அதன்மேல் வயேஹோ என்ற பெயிண்ட் நிறுவனத்தின் டார்க் பிரஷ்யன் ப்ளூ, எண் 70.899. இரண்டு மெல்லிய பூச்சில் துணி மூடிவிடும். அதே நீலத்தில் கொஞ்சம் சாம்பல் கலந்து தோள், முழங்கை, மடிப்பு மேடுகளில் ஒரு கோடு இழுத்தால் கோட்டு முடிந்தது. மார்பு மடிப்பின் சிவப்பு மட்டும் கொஞ்சம் படுத்தும். சிவப்பு நேராகக் கருநீலத்தின்மேல் உட்காராது, முதலில் செம்பழுப்பு ஒரு கை போட வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாலையில் ஆறு பேரின் கோட்டை முடிக்கலாம்.

நிறத்துக்கும் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஸ்பெயினுக்கு அப்போது அவுரிச் சாயம் பெருமளவில் குவாத்தமாலாவிலிருந்து வந்தது. அதை அவர்கள் அஞில் என்பார்கள். அரபி வழியாகப் போன சொல் அது, வேர் நம் வாயில் புழங்கும் அதே ‘நீலம்’தான். ஃபர்னேசியோ வீரனுக்கு நீலம் பூசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கருநீலத்தின் குறை மேசையில் வைத்த பிறகுதான் தெரியும். நான்கடி தூரத்திலிருந்து பார்த்தால் அது யார்? போர்ச்சுகலின் குதிரைப்படையும் கருநீலம், பிரெஞ்சுக் காவல்படையின் குதிரை கிரனேடியர்களும் கருநீலம். சிவப்பு ரிப்பன் பூவைத் தேடிக் குனிந்து பார்த்தால்தான் ஸ்பெயின் என்று புரியும். மஞ்சளில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கோட்டும் மஞ்சள், காற்சட்டையும் மஞ்சள். அறையின் அந்தக் கோடியிலிருந்தே ஸ்பானிய டிராகூன் என்று சொல்லிவிடலாம்.

சரி, பிறகு ஏன் தயங்குகிறார்கள்? மஞ்சள் பெயிண்ட் மூடாது. ஒளியை உள்ளே விட்டுவிடும் நிறம் அது. கறுப்பு பிரைமர்மேல் போட்டால் நான்கு பூச்சு போனாலும் அழுக்குத் திட்டாகவே நிற்கும். அதைவிட மோசம், நிழலுக்காகக் கறுப்பைக் கலந்தால் மஞ்சள் பச்சையாகிவிடும். என் முதல் மூன்று டிராகூன்கள் அப்படித்தான் பாசி பிடித்த மாதிரி ஆனார்கள்.

அடிப்பூச்சில் மூன்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறேன். வெள்ளை பிரைமர்மேல் நேராக மஞ்சள் போட்டால் பளிச்சென்று வரும், ஆனால் எலுமிச்சைத் தோல் மாதிரி இருக்கும், கம்பளித் துணி மாதிரி இருக்காது. வெளிர் ரோஜா நிறத்தை அடியில் கொடுத்தால் மேலே வரும் மஞ்சள் கதகதப்பாக, அழகாக இருக்கும். தனி ஒரு அதிகாரி உருவத்துக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன், பன்னிரண்டு பேருக்குச் செய்யப் பொறுமை வேண்டும். மூன்றாவது காவி வழி. வயேஹோவின் யெல்லோ ஓக்கர், 70.913, முழு உடைக்கும் அடித்தளம். அது நன்றாக மூடும். காய்ந்ததும் மடிப்புப் பள்ளங்களில் நீர்த்த செம்பழுப்பு. கறுப்பு வேண்டவே வேண்டாம். அப்புறம் மேடான இடங்களில் மட்டும் கோல்டன் யெல்லோ, 70.948. கடைசியில் தோள் விளிம்பிலும் முழங்கால் முனையிலும் அதே மஞ்சளில் தந்தநிறம் கலந்து ஒரு கோடு. சிட்டாடல் நிறுவனத்துப் பெயிண்ட் வைத்திருப்பவர்கள் ஓக்கருக்குப் பதில் அவர்லேண்ட் சன்செட் எடுக்கலாம், அதுவும் மூடும். ஆனால் அது இன்னும் பளிச்சென்றது, பழுப்பு வாஷ் (நீர்த்த நிழல் பூச்சு) ஒன்று கூடுதலாகத் தேவைப்படும்.

காவியில் தொடங்கியது துணி மாதிரியே வந்து நிற்கிறது. சாயம் போட்ட கம்பளி, வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டது, வருடக்கணக்கில் சேணத்தில் தேய்ந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த மஞ்சப்பையின் நிறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப்பையின் நிறத்தை அல்ல.

அல்மான்ஸாவின் மார்பு மடிப்பு வான்நீலம். மஞ்சளுக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம். வயேஹோ ஸ்கை ப்ளூ, 70.961, கொஞ்சம் சாம்பல் தட்டிப் போட்டால் போதும். மஞ்சளை முழுவதும் முடித்துவிட்டுத்தான் நீலத்தைத் தொட வேண்டும். நீலம் விளிம்பு தாண்டி ஒரு மயிரிழை வழிந்தாலும் அதன்மேல் மஞ்சள் நிற்காது. தந்தநிறத்தில் அதை மறைத்து, காயவிட்டு, மறுபடி ஓக்கரிலிருந்து வர வேண்டும். காலரில் டிராகூன் சின்னம் உண்டு, குறுக்கே வைத்த வாளும் ஒரு மரக்கிளையும். 28 மி.மீ. உருவத்தில் அந்தக் காலரின் உயரமே ஒரு மி.மீ. சுற்றித்தான் வரும். வாளையும் கிளையையும் வரையப் போகாதீர்கள். வெள்ளையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி, பிரஷ் நுனியால் இரண்டு தொடல். கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

மற்ற டிராகூன்களும் மஞ்சள்தான், மடிப்பு நிறம்தான் மாறும். பாவியாவுக்குச் சிவப்பு, நுமான்சியாவுக்குக் கறுப்பு. நுமான்சியாவும் பைலேனில் இருந்தது. அதனால் வெற்றிக் கதைக்காக மட்டும் நீலத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் அந்தக் காரணமும் போய்விடுகிறது.

ஆனால் நான் அல்மான்ஸாவையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. 1807இல் நெப்போலியன் கேட்டதற்காக லா ரோமானா பிரபுவின் தலைமையில் ஸ்பெயின் ஒரு படையை வட ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அல்மான்ஸா அதில் ஒன்று. ஹாம்பர்க் நகரில் இவர்களைக் கண்ணால் பார்த்து சூர் சகோதரர்கள் படங்களாக வரைந்து வைத்தார்கள். இந்தக் காலத்து ஸ்பானியச் சீருடைக்கு நேரில் பார்த்த சாட்சி இவ்வளவு நன்றாகக் கிடைப்பது அபூர்வம். 1808இல் தாய்நாட்டில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்த செய்தி டென்மார்க்கில் இருந்த இவர்களை எட்டியது. ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை சுமார் 9,000 பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. குதிரைகளுக்குக் கப்பலில் இடமில்லை. கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஆண்டு முக்கியமாகிறது. டென்மார்க் காலத்து அல்மான்ஸா வேண்டுமானால் நல்ல சேணம், ஒத்த குதிரைகள். எல்லாமே அடர்பழுப்பும் கறுப்பும், அதில்தான் மஞ்சள் எடுத்துக்காட்டும். கருநீலக் கோட்டுக்கு நேர் எதிர், அதற்குச் சாம்பல் வெள்ளைக் குதிரைதான் துணை. 1809 மார்ச் 28இல் ஸ்பெயினில் நடந்த மெடெயின் போர் என்றால் கதையே வேறு. குதிரை இல்லாமல் நாடு திரும்பியவர்கள் கிடைத்த குதிரையில் ஏறி வந்து நின்றார்கள். அன்று அவர்கள் பின்வாங்கி ஓடியதைச் சொல்லி வரலாற்றில் நிறையவே திட்டியிருக்கிறார்கள். குதிரையைக் கடற்கரையில் பிரிந்து ஏழு மாதம்தான் ஆகிறது, ஏறியிருப்பது பழகாத குதிரை. அதை நினைத்தால் எனக்குத் திட்ட மனம் வருவதில்லை. இந்த அணிக்கு நான் குதிரைகளைக் கலந்தே தீட்டினேன், பழுப்பு ஐந்து, சாம்பல் மூன்று, செம்பட்டை இரண்டு, கறுப்பு இரண்டு. மஞ்சளில் இரண்டு பேருக்கு மட்டும் ஓக்கரோடு நிறுத்திவிட்டேன், மேல்பூச்சு இல்லை. மூன்று பேர் தோளில் பழுப்பு நிற மேலங்கியைச் சுருட்டிப் போட்டேன்.

ஹுஸார்களைக் கேட்பவர்களும் உண்டு. மரியா லூயிசா ரெஜிமென்டின் சிவப்புச் சட்டையும் வான்நீல மேற்சட்டையும் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒவ்வொரு மார்பிலும் வரிவரியாகப் பின்னல் கயிறு. அதைத் தீட்டும் நேரத்தில் டிராகூன் அணியே முடிந்துவிடும். ஒலிவென்சா கசடோர்களின் மரகதப் பச்சையும் சிவப்பும் நல்ல சேர்க்கைதான், ஆனால் மேசையில் பச்சை உடுத்திய பிரெஞ்சு இலகு குதிரைப்படையான சஸ்ஸர்களோடு குழம்பும்.

1812, 1813 போர்களுக்கு இந்த மஞ்சளைக் கொண்டுபோகாதீர்கள். அதற்குள் பழைய உடைகள் கிழிந்து, நாட்டுப் பழுப்புத் துணியும் பிரிட்டன் அனுப்பிய துணியும் வந்துவிட்டன. 1812 சலமான்கா போருக்கான அணிவகுப்புக்கு கெரில்லாத் தலைவர் ஜூலியன் சான்செஸின் ஈட்டிவீரர்கள்தான் சரி.

1808க்கும் 1809க்கும் வாங்கியிருந்தால், பன்னிரண்டையும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டாம். ஒருவரை எடுத்து ஓக்கர், செம்பழுப்பு, கோல்டன் யெல்லோ என்று முழுதாக முடித்து, ஃபர்னேசியோ நீலத்தில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் மஞ்சள் ஏமாற்றும்.